ஒரே மெஷினுக்குப் பதினேழு பிறந்தநாள்

காலைத் தேநீர் முடியும்வரை யாரும் யாரையும் அவமதிப்பதில்லை என்பது அந்த வீட்டின் எழுதாத ஒப்பந்தம். மருமகள் அதை மீறினாள். அதுவும் நல்ல செய்தி சொல்வதாக நினைத்துக்கொண்டு.

“உங்க மெஷின் தப்பிச்சிடுச்சு அத்தை. பதிமூணு வயசுதான் ஆகுது. லிஸ்ட்ல வராது.”

மாமியார் டம்ளரை மேசையில் வைத்தார். வைத்த விதத்தைப் பார்த்ததும், அவருக்கு மகனும் இவளுக்குக் கணவனுமாக இரட்டைப் பதவி வகிக்கும் ஆசாமி தன் தட்டோடு பால்கனிக்குக் குடிபெயர்ந்தான். நான்கு வருட இல்லறத்தில் அவன் முழுத் தேர்ச்சி பெற்ற கலை அது ஒன்றுதான்.

“எத்தனை வயசுன்ன?”

“பதிமூணு.”

“என் மெஷினுக்கா?”

“ஆமா அத்தை. போட்டோ அனுப்பியிருந்தாங்க. சீரியல் நம்பர் பதினொண்ணு சைபர் எட்டுன்னு ஆரம்பிக்குது. பதினொண்ணாம் வருஷம், எட்டாவது வாரம்.”

“ஏம்மா, நான் அதுகூட இருபத்தாறு வருஷமா குப்பை கொட்டுறேன். அது பொறக்கறதுக்குப் பதிமூணு வருஷம் முந்தியே அங்க போய் நான் என்ன, சுவத்துக்கா கிரீஸ் தடவிக்கிட்டு இருந்தேன்?”

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. டம்ளரை மறுபடி எடுத்தார். அதில் தேநீர் இல்லை. இருந்தாலும் குடித்தார்.

இங்கே இருவருடைய உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். மருமகள், பொதுக் கட்டடங்களில் குளிரூட்டுவதும் சூடேற்றுவதுமான இயந்திரங்களின் வயதைக் கண்டுபிடிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். எங்கேயோ ஒரு கூட்ட அரங்கில் கிழட்டு ஏசி ஒன்று புகைந்து, முன்வரிசைப் பிரமுகர் ஒருவர் இருமிவிட்டார். அவர் இரண்டாவது முறை இருமுவதற்குள் விதி வந்துவிட்டது: இருபத்தைந்து வயதைக் கடந்த இயந்திரமோ அதன் பகுதியோ அகற்றப்பட வேண்டும்.

ஆனால் இயந்திரங்கள் பிறப்புச் சான்றிதழ் வைத்துக்கொள்வதில்லை. இருப்பது தொடர் எண் மட்டும். ஒரு கம்பெனி வருடத்தை முன்னால் போட்டு வாரத்தைப் பின்னால் போடும். இன்னொரு கம்பெனி, அவன் செய்வதை நாம் செய்வதா என்று வாரத்தை முன்னால் போடும். மூன்றாவது கம்பெனி வருடத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து போடும். அதிலும் ‘ஐ’ என்ற எழுத்து பார்ப்பதற்கு ஒன்றாம் எண் போல இருக்கிறதென்று அதை வரிசையை விட்டே தள்ளி வைத்திருக்கும். நான்காவது, வருடத்தின் கடைசி இலக்கத்தை மட்டும் அடிக்கும். பத்து வருடம் கழித்து அதே இலக்கம் திரும்ப வருமே என்று கேட்டால், அதற்குள் நம் சரக்கு செத்துப்போயிருக்கும் என்ற தன்னம்பிக்கை.

இவற்றையெல்லாம் மருமகள் மனப்பாடமாக வைத்திருந்தாள். அவளுடைய பையில் ஒரு டார்ச், காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி, ஒரு டூத்பிரஷ், ஒரு பென்சில். அழுக்கேறிய எண்களை அந்தப் பிரஷ்ஷால் தேய்த்து, கண்ணாடியைச் சந்தில் விட்டுப் பார்ப்பாள். அலுவலகத்தில் அவள் பெயர் பல் டாக்டர்.

மாமியாரோ விதைக் கிடங்கின் குளிர் அறைக்கு மெக்கானிக். மைனஸ் பதினெட்டு டிகிரி. அங்கே அவரை எல்லோரும் மைனஸக்கா என்றார்கள். அந்த அறையில் நாற்பதாயிரம் பொட்டலம் விதை தூங்கிக்கொண்டிருந்தது. மெஷின் பட்டியலில் வந்தால் வெள்ளிக்கிழமை அதை நிறுத்துவார்கள். புது மெஷின் வரும்வரை விதைகள் லாரியில் வேறு ஊருக்குப் போகும், தற்காலிகமாக. ‘தற்காலிகமாக’ என்ற சொல்லோடு இடம்பெயர்ந்த எதுவும் திரும்பி வந்ததாக மருமகளின் அலுவலகக் கோப்புகளில் பதிவில்லை. லாரியில் குளிர் நிற்காது. ஒரு முறை சூடு கண்ட விதை, விடிந்துவிட்டதென்று நினைத்து விழித்துக்கொள்ளும். மண் இருக்காது, செத்துப்போகும்.

“அப்போ அந்த நேம் பிளேட்?” என்றாள் மருமகள், மெதுவாக.

“அது பக்கத்து ஆபீஸ்ல தூக்கிப் போட்ட ஏசியோட மூடி. நம்ம மூடி துருப்பிடிச்சு உதிர்ந்துடுச்சு. இது அளவு சரியா இருந்துச்சு, மாட்டிட்டேன். மூடின்னா மூடுறதுக்குத்தானே? அதுல எழுதியிருக்கறத எவ உக்காந்து படிக்கப்போறா?”

“நான் படிக்கிறேன் அத்தை. எனக்கு அதுக்குத்தான் சம்பளம்.”

பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது. “அம்மா, நீ பேசாம இருந்திருக்கலாம்.”

“நீ சாப்பிடு,” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில். அந்த மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

மாமியார் டம்ளரைக் கழுவினார். ஏற்கெனவே கழுவியதையும் கழுவினார். பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டார். “பதிமூணுன்னே விட்டுட முடியாதா?”

“தெரியாம எழுதினா தப்பு அத்தை. தெரிஞ்சு எழுதினா பொய்.”

“எம்மகன் உன்னை எங்கதான் தேடிப் பிடிச்சானோ,” என்றார். அது வசவா பாராட்டா என்பது அவருடைய முதுகிலிருந்து தெரியவில்லை. “கோட்டு ஒண்ணு எடுத்துக்க. உள்ள விறைச்சுப் போயிடுவ.”

கிடங்கு ஒற்றை மாடிக் கட்டடம். வாசல் கல்லில் 1962 என்று வெட்டியிருந்தது. மெஷினுக்கு இரண்டு பாதி: பின்பக்கக் கொட்டகையில் அலமாரி உயரத்துக்கு ஒன்று, குளிர் அறைக்குள் கூரையை ஒட்டித் தொங்குவது இன்னொன்று. இடையில் செம்புக் குழாய்கள். கொட்டகைப் பாதி கர்ரென்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு முறை, பேச்சைத் தொடங்கப்போகும் பெரிய மனிதரைப் போல, தொண்டையைச் செருமிக்கொண்டது.

“இப்பத் தொடாத,” என்றார் மாமியார். “பதினொன்னேகாலுக்குத் தானா நிக்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ள சேந்த பனியை உருக்கிக்கும். இருபத்தஞ்சு நிமிஷம். என் ஆபரேஷன் எல்லாம் அந்த இருபத்தஞ்சு நிமிஷத்துலதான்.”

“எல்லாமேவா?”

“இது நின்னு ஒரு மணி நேரம் ஆனதா நான் இருக்கறவரைக்கும் கிடையாது.”

பதினொன்றேகாலுக்கு அது ஓய்ந்தது. அந்த மௌனத்தில் காகம் கத்துவதெல்லாம் கேட்டது. மருமகள் நேம் பிளேட்டைப் பார்த்தாள். அதில் போட்டிருந்த மின் இணைப்பு வேறு, உள்ளே போன வயர் வேறு. நான்கு திருகாணியும் நான்கு ஜாதி. போட்டோவை நம்பிக் கையெழுத்துப் போட்டதற்காகத் தன்னைத்தானே ஒரு முறை திட்டிக்கொண்டு மூடியைக் கழற்றினாள்.

உள்ளே ஒரு மெஷின் இல்லை. ஒரு கூட்டுக் குடும்பம் இருந்தது.

“ஃபேன் மோட்டார். வாரம் முப்பது, வருஷம் சைபர் ஆறு,” என்றாள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.

“உன் வீட்டுக்காரன் பத்தாவதுல கணக்குல கோட்டை விட்ட வருஷம்,” என்றார் மாமியார்.

“பிரஷர் சுவிட்ச். பதினேழு.”

“வெள்ளம் வந்துச்சே, அப்ப. இடுப்பளவு தண்ணியில நின்னு மாட்டினேன்.”

“இந்தக் கான்டாக்டர் சுவிட்ச், வருஷம் இருபது. வாரம் ஆறு.”

“அது உங்க கல்யாணத்தன்னிக்கு மாத்தினது.”

மருமகள் டார்ச்சைத் திருப்பினாள். “கல்யாணத்தன்னிக்கா? நடுவுல ஒரு மணி நேரம் உங்களைக் காணோம்னு எல்லாரும் தேடினோமே!”

“பின்ன? நீங்க ரெண்டு பேரும் எங்கயும் ஓடிட மாட்டீங்கன்னு தெரியும். கான்டாக்டரை அப்படி நம்ப முடியுமா?”

எழுதிக்கொண்டே போனாள். குழாய் 2003. அடிச்சட்டம் 2004. கப்பாசிட்டர் போன வாரம். ஒவ்வொரு எண்ணும் வெவ்வேறு தொழிற்சாலையில், வெவ்வேறு கைகள் அடித்தது. அத்தனையும் இங்கே வந்து, ஒன்றின் வயதை ஒன்று கேட்காமல், ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு வயது சொன்னவள் அவள். ஒரு இயந்திரத்துக்குள் இத்தனை காலம் குடியிருந்து அவள் பார்த்ததில்லை. டூத்பிரஷ்ஷைப் பிடித்திருந்த கை தன்னையறியாமல் மெதுவாகத் தேய்த்தது, தூங்குகிறவர் முகத்தைத் துடைப்பது போல.

கம்ப்ரசரில் ‘கே’ என்ற எழுத்து இருந்தது. விரல் விட்டு எண்ணினாள். தொண்ணூறு என்றால் ஏ. எச் வரை வந்ததும் வழக்கமாக எல்லோரும் தடுக்கி விழும் ‘ஐ’ எழுத்தைத் தாண்டினாள். “கே, தொண்ணூத்தொன்பது. நாப்பத்தேழாவது வாரம்.”

“ரெண்டாயிரம் பொறக்கப்போறப்ப மாட்டினேன். ஊரே கம்ப்யூட்டர் நின்னுடும்னு பயந்துச்சு, நான் இதைப் பாத்துப் பயந்தேன். எவ்வளவு ஆச்சு?”

“இப்ப நடக்கறது நாப்பத்தொண்ணாவது வாரம். இன்னும் ஆறு வாரம் இருக்கு இருபத்தஞ்சு முடிய.”

மாமியார் மூச்சு விட்டார். “வேற கம்ப்ரசர் ஸ்டோர்ல ரெடியா இருக்கு. அடுத்த மாசம் மாத்தறதாத்தான் இருந்தேன்.”

பதினான்கு எண்கள். எல்லாமே இருபத்தைந்துக்குள். மருமகளுக்கே சிரிப்பு வந்தது. “அத்தை, நீங்க இதைக் கொஞ்சம் கொஞ்சமா எப்பவோ தூக்கிப் போட்டுட்டீங்க. விதி போடறதுக்கு முன்னாடியே.”

“உள்ள பாதியைப் பாத்துட்டுப் பேசு,” என்றார் மாமியார். அவர் சிரிக்கவில்லை.

குளிர் அறைக் கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே நுழைந்ததும் மருமகளின் மூச்சு வெள்ளையாக முன்னால் போனது. மூக்கின் உள்முடி விறைத்தது. அலமாரி அலமாரியாகப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் தேதி. 1998. 1983. இன்னும் உள்ளே, மை மங்கிய கையெழுத்தில் 1962, ‘எண்ணிக்கை: 11’. பதினோரு விதை. அறுபத்திரண்டு வருடமாக யாரோ ஒருவர் அவற்றை எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ‘யாரோ’ பல பேர். அதில் ஒருவர் தன்னோடு தினமும் குழம்பில் உப்பு போதாதென்று சண்டை போடுகிறவர். மருமகள் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிர் என்று வைத்துக்கொண்டாள்.

ஏணியில் ஏறினாள். உள் மோட்டாரும் குளிர்ச் சுருளும் இருபது வயதைத் தாண்டவில்லை; அதோடு எண்கள் பதினாறு. மோட்டாரைத் தாங்கிக்கொண்டு ஒரு வார்ப்பிரும்பு பிராக்கெட் இருந்தது. அதன்மேல் பெயின்ட், பெயின்ட்டின் மேல் பெயின்ட். டூத்பிரஷ்ஷுக்கு அசையவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அதன்மேல் வைத்து, விறைத்த விரல்களால் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள்.

தாளில் ஒரு வட்டம் எழுந்து வந்தது. வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு புள்ளி. நடுவில் ஒரு அம்பு, ஒன்பதாவது புள்ளியைப் பார்த்து. அம்புக்கு இரு பக்கமும் ஆறு, ஒன்று.

வார்ப்புக்காரர்கள் அச்சில் வைக்கும் கடிகாரம் அது. புத்தகத்தில் பார்த்திருக்கிறாள், நேரில் இதுதான் முதல் முறை. அறுபத்தொன்றாம் வருடம், ஒன்பதாம் மாதம், உருகிய இரும்பு அந்த அச்சில் ஓடி நின்றது. அப்போது இந்தக் கட்டடமே இல்லை. அவளும் இல்லை. அவளுடைய மாமியாரும் இல்லை. அந்த அம்பு மட்டும் செப்டம்பரைக் காட்டிக்கொண்டு, யாரும் பார்க்காத பெயின்ட்டுக்கு அடியில், இத்தனை காலம் நின்றிருக்கிறது.

ஏணியிலிருந்து இறங்கித் தாளை நீட்டினாள். மாமியார் வெகுநேரம் பார்த்தார்.

“ரெண்டு தடவை நானே இதுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன்,” என்றார். “ஒரு நாள்கூடத் தொந்தரவு குடுத்ததில்லை. தொந்தரவு குடுக்காததால இதை நான் சரியாப் பாத்ததே இல்லை.” பிறகு, “அப்ப வெள்ளிக்கிழமையா?” என்றார்.

மருமகள் வெளியே வந்து அதிகாரிக்குப் போன் போட்டாள்.

“சார், விதைக் கிடங்கு மெஷின். நேம் பிளேட் வேற மெஷினோடது. நான் எழுதின பதிமூணு தப்பு.”

“உங்க மாமியார் மெஷின்தானே?”

“ஆமா சார். அதனால வேற யாராவது வந்து பாக்கறதா இருந்தாலும்…”

“படிவத்துல கேட்டிருக்கறது இயந்திரத்துக்கும் சோதிப்பவருக்கும் உள்ள உறவு. மாமியாருக்குக் கட்டமே இல்லையேம்மா. வயசு மட்டும் சொல்லுங்க.”

“பதினேழு வயசு இருக்கு சார்.”

“பதினேழா? அப்ப பிரச்சினையே இல்லையே.”

“இல்ல சார், பதினேழு பார்ட்டுக்குப் பதினேழு வயசு. ஒண்ணு போன வாரம். ஒண்ணு அறுபத்து மூணு.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “படிவத்துல வயசுக்கு ரெண்டே கட்டம்தான் இருக்கு,” என்றார் அதிகாரி. “சராசரி போட்டுடுங்க.”

“தாத்தாவுக்கும் பேரனுக்கும் சராசரி போட்டு ஸ்கூல்ல சேக்க முடியுமா சார்?”

“விதியில அதுக்குத் தடை இருக்கான்னு பாக்கணும்,” என்றார் அவர், நிஜமாகவே யோசித்து.

“சார், விதியில ‘இயந்திரமோ அதன் பகுதியோ’ன்னு இருக்கு. பகுதின்னா என்ன?”

“அது நான் சேத்ததும்மா. வாக்கியம் ரொம்பச் சின்னதா இருந்துச்சு, கையெழுத்துக்கு அனுப்பக் கூச்சமா இருந்துச்சு.”

“அப்ப வயசு கடந்த பகுதியை மட்டும் எடுத்துட்டா?”

“விதிப்படி அகற்றியாச்சுன்னு அர்த்தம். எடுத்ததைப் போட்டோ பிடிச்சு அனுப்புங்க. மிச்சத்துல எது மூத்ததோ அந்த வயசைக் கட்டத்துல எழுதுங்க.”

மாமியாரிடம் சொன்னாள். அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கிய, பற்றவைத்துச் செய்து இன்னும் மாட்டாத ஒரு பிராக்கெட்டைப் பார்த்தபடி நின்றார். “எட்டு வருஷத்துக்கு முன்ன செஞ்சு வெச்சேன். ஒரு முன்னெச்சரிக்கைக்கு. தேவைப்படல. குத்தம் ஏதும் பண்ணாததைக் கழட்டினதே இல்லை நான்.”

“நாப்பதாயிரம் பொட்டலம் அத்தை.”

“தெரியும். எனக்குச் சொல்ற பாரு.”

மாலை ஐந்தேகாலுக்கு மெஷின் மறுபடி ஓய்ந்தது. மாமியார் ஏணியில், மருமகள் கீழே மோட்டாரை ஏந்திக்கொண்டு. “பிடிச்சுக்க. விட்டேன்னா இத்தனை வருஷம் காட்டாத மாமியார்த்தனம் மொத்தத்தையும் இன்னிக்கே காட்டிடுவேன்.” நான்கு போல்ட். முதல் மூன்று முனகிக்கொண்டு வந்தன. நான்காவது வரவில்லை. பன்னிரண்டாவது நிமிடம். மாமியார் ஸ்பேனரை விட்டுவிட்டு, கையுறை போட்ட உள்ளங்கையை பிராக்கெட்டின்மேல் வைத்து ஏதோ சொன்னார். மருமகளுக்குக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. மறுபடி ஸ்பேனரை மாட்டினார். திரும்பியது.

இருபத்திரண்டாவது நிமிடம் புதியது ஏறியிருந்தது. அறை மைனஸ் பதினாறுக்கு வந்திருந்தது. இருவரும் வெளியே வந்து கொட்டகையில் நின்றார்கள். மருமகள் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள்: கட்டடம் திறந்த அன்று இங்கே மாட்டிய மெஷினில் இப்போது ஒரு திருகாணிகூட மிச்சமில்லை. ஓடுமா என்பதல்ல அவளுடைய பயம். ஓடினால் அது எது?

ஐந்து நாற்பது. ஒரு சொடுக்குச் சத்தம். கர்ரென்று அதே சுருதி. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு நிமிடம் ஆனது. மெஷின் தொண்டையைச் செருமிக்கொண்டது.

மாமியார் மூடியின்மேல் கை வைத்தார்.

“இது அதே மெஷினா அத்தை?”

மாமியார் கதவோரத் தெர்மாமீட்டரைக் காட்டினார். பதினாறு பதினாறரையாகி, பதினேழாகி, வெளிச்சம் மங்குவதற்குள் பதினெட்டில் வந்து நின்றது. “நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கும் இதான். எனக்கு முந்தி இருந்தவர் சேந்தப்பவும் இதான். இதை யாரும் மாத்தல.”

மருமகள் படிவத்தை எடுத்தாள். வயது என்ற இரண்டு கட்டத்தில் இரண்டும் நான்கும் எழுதினாள். இயந்திரத்துக்கும் சோதிப்பவருக்கும் உள்ள உறவு என்ற கட்டத்தில், எப்போதும் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதுகிறவள், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். கடைசியில் ‘கல்யாண வழியில்’ என்று எழுதினாள்.

போட்டோ எடுப்பதற்காகப் பழைய பிராக்கெட்டை அப்போதுதான் குளிர் அறையிலிருந்து எடுத்து வந்து வெளியே மேசையில் வைத்தார்கள். அது சும்மா இருக்கவில்லை. வெளிக்காற்று பட்டதும் அதன்மேல் வெண்பனி முளைத்து, பெயின்ட்டையெல்லாம் மூடி, அந்தக் கடிகார வட்டம் மட்டும், அம்பும் எண்ணும் புள்ளிகளுமாக, வெள்ளையில் மேலெழுந்து நின்றது. பென்சிலே வேண்டியிருக்கவில்லை. மருமகள் போட்டோ எடுத்தாள். எடுத்த பிறகும் நகரவில்லை.

பிறகு அந்தப் பனி உருகத் தொடங்கியது. கட்டடம் திறந்ததிலிருந்து ஒரு நாள்கூடச் சூடு காணாத இரும்பு. அதன் விளிம்பில் ஒரு துளி திரண்டு, தயங்கி, மேசையில் விழுந்தது. அடுத்த துளி. மாமியார் ஒரு துணியை எடுத்து வந்தார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. கணவன். “என்ன ஆச்சு? ரெண்டு பேரும் சண்டையா?”

“அப்புறம் பேசறேன்,” என்றாள் மருமகள் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் வேலையா இருக்கோம்.”

அடுத்த துளி திரண்டுகொண்டிருந்தது.